இடம் மாறி முளைச்ச குழாய்

இங்க உக்காந்துக்கட்டுமாம்மா? அந்தப் பையக் கொஞ்சம் இப்படி எடுத்துக்க. ஆமா, போதும். எனக்கு இம்புட்டு எடம் போதும்.

பிள்ளை என்ன வேகமா குடிக்குது பாரு! மடக்கு மடக்குன்னு சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. மூட வேணாம்மா, நான் கண்ணு வெக்க மாட்டேன். என் கண்ணு அப்படிப்பட்ட கண்ணு இல்ல. அந்தத் தூணுகிட்ட நின்னு ரொம்ப நேரமா பாத்துக்கிட்டுதான் இருந்தேன். குடிக்குது, நிறுத்தாம குடிக்குது, நெத்தியில ஒரு பொட்டு வேர்வை இல்ல. அதான் வந்து உக்காந்தேன்.

இதுக்கு ஒண்ணும் இல்லியே? மூத்தவனுக்குத்தானா? இருதயத்துல ஓட்டையா? அதெல்லாம் இங்க அடைச்சிடுறாங்கம்மா, பயப்படாத. நேத்துகூட ஒரு பையன் ஓட்டைய அடைச்சிக்கிட்டு பிஸ்கட் தின்னுக்கிட்டே நடந்து போனான். எங்களுக்கு வந்தது அப்படி இல்ல. லட்சம் பிள்ளையில ஒண்ணுக்கு வந்தாலே அதிகமாம். அந்த ஒண்ணு எங்க வீட்டத்தான் தேடிக்கிட்டு வரணுமா, சொல்லு.

நான் தனக்கோடி. ஜெயங்கொண்டத்துக்குப் பக்கம். அந்தக் கண்ணாடிக் கதவுக்கு உள்ள படுத்திருக்கிற பிள்ளைக்கு அத்தை. பேரு எழிலி. எழிலியாம், எங்கேருந்துதான் புடிச்சாங்களோ, எனக்குக் குட்டிம்மாதான். அவ அப்பன் கொளஞ்சி என் தம்பி. அவன் கைப்பிள்ளையா இருக்கிறப்பவே எங்கம்மா போயி சேந்துட்டா. நான்தான் வளத்தேன். அப்புறம் என்னையும் ஒருத்தனுக்குக் கட்டிக் குடுத்தாங்க. அந்தாளு சரியில்ல, திரும்பி வந்துட்டேன், அது வேற கதை. எனக்கு வயித்துல ஒண்ணும் தங்கல. அதுக்காக பிள்ளை வளக்கத் தெரியாதுன்னு ஆயிடுமா? தெருவுல எந்தப் பிள்ளைக்கு உடம்பு சுட்டாலும் என்னத்தான் கூப்பிடுவாங்க.

அதோ, கடைசி வரிசையில நீலத் துண்டப் போத்திக்கிட்டு செவுத்தப் பாத்து உக்காந்திருக்கா பாரு, அவதான் வினோதினி. பிள்ளையோட அம்மா. துண்டுக்குள்ள பால் எடுக்குற மெஷினு. அரியலூர்லேருந்து ஆம்புலன்ஸ்ல கெளம்பினப்ப மூடின வாய், இன்னும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. சோறு வாங்கிட்டுப் போயி வெச்சா தொடல. தம்பியும் அவகூடச் சேந்துக்கிட்டு என்னப் பாக்க மாட்டேங்கிறான். நான் என்னம்மா செஞ்சிட்டேன்? நீ மூணாம் மனுஷி. கேட்டுட்டு நீயே சொல்லு.

பிள்ளை பொறந்தப்ப கொழுக்கட்டை மாதிரி இருந்துச்சு. ரெண்டு மாசம் ஒரு கொறையும் இல்ல. குடிக்கும், தூங்கும், என்னைப் பாத்தா வாயெல்லாம் ஈறாச் சிரிக்கும். அப்புறந்தான் ஆரம்பிச்சுது. மாருல போட்டா நாலு வாய் குடிக்கும், உடனே விட்டுட்டு வீல்னு கத்தும். சாதாரண அழுகை இல்லம்மா அது. யாரோ ஏறி மிதிச்ச மாதிரி கத்தும். மூஞ்சி சுண்ணாம்பா வெளுத்துப் போகும். தலை, கழுத்து எல்லாம் தண்ணி ஊத்தின மாதிரி வேர்த்து ஊத்தும். ஃபேனுக்கு நேரா போட்டாலும் வேர்க்கும். கொஞ்ச நேரத்துல தானா அடங்கிடும். பசிக்குமில்ல? மறுபடி வாய வெக்கும். மறுபடி கத்தும்.

இவ என்ன சொன்னா தெரியுமா? "அண்ணி, பால் குடிக்கிறப்ப மட்டுந்தான் இப்படிப் பண்ணுது, பாத்தீங்களா? மத்த நேரம் நல்லாத்தான் இருக்கு. அரியலூர் போயி பிள்ளைங்க டாக்டருகிட்ட காட்டிரலாம் அண்ணி"ன்னா. நல்லாக் கவனிச்சுக்க. அவ வாயாலயே சொல்றா, பால் குடிக்கிறப்ப மட்டுந்தான்னு. அப்ப கோளாறு எங்க இருக்கும்? பாலுலதானே இருக்கும்?

சும்மா எடுத்தேன் கவுத்தேன்னு நான் முடிவு பண்ணல. மொதல்ல கழுத்து சுளுக்கி உரம் விழுந்திருக்கும்னு முறத்துல போட்டு உருட்டிப் பாத்தோம். வேப்பிலை அடிச்சோம். பக்கத்து ஊரு கிளினிக்குக்கும் போனோம். அவரு வயித்தத் தட்டிப் பாத்துட்டு வாயு புடிச்சிருக்குன்னு சொட்டு மருந்து எழுதினாரு. படிச்ச மனுசனுக்கே தெரியல. என்ன மட்டும் குத்தம் சொன்னா எப்படி?

எறும்பு விட்டுப் பாக்குறது தெரியுமில்ல உனக்கு? தெரியாதா? எந்த ஊரும்மா நீ? கிண்ணத்துல தாய்ப்பாலப் பீச்சி அதுல எறும்ப விடணும். நீந்திக் கரையேறிடுச்சுன்னா நல்ல பாலு. செத்துச்சுன்னா பிள்ளைக்கு ஆகாத பாலு, விஷம். எங்க பக்கம் எல்லாரும் பாக்குறதுதான்.

இவ மாட்டேன்னு நின்னா. "எறும்பு எதுல விட்டாலும் முங்கித்தான் அண்ணி சாகும், தண்ணியில விட்டா மட்டும் பொழைக்குமா?"ன்னு கேக்குறா. பன்னெண்டாவது படிச்ச திமிரு. கொளஞ்சி நடுவுல நின்னு முழிச்சான். அப்புறம், "அக்கா சொல்றத ஒரு தடவ கேளேன் வினோ, என்ன கெட்டுப்போகுது"ன்னான். பீச்சிக் குடுத்தா. மூணு எறும்பு விட்டேன். ஒண்ணு ஏறி வந்துடுச்சு, ஆனா அது விளிம்புலயே விழுந்துச்சு, அதைச் சேத்துக்க முடியாது. மத்த ரெண்டும் செத்து மெதந்துச்சு. அதுக்கு மேல என்னம்மா வேணும்?

பால நிறுத்தணும்னா மல்லிப்பூதான். மாருல வெச்சு இறுக்கக் கட்டினா ரெண்டு மூணு நாள்ல வத்திடும். கொளஞ்சியக் கடைவீதிக்கு அனுப்பினேன். எதுக்குன்னு சொல்லல. பைத்தியக்காரன், பொண்டாட்டி தலைக்குன்னு நெனச்சிட்டு, ரொம்ப நாளாச்சேன்னு கூடவே கொஞ்சம் கதம்பமும் வாங்கிக்கிட்டு சிரிச்சுக்கிட்டே வந்தான். வினோதினி பூவப் பாத்தா, என்னப் பாத்தா. நான் அவளக் கூட்டிக்கிட்டு உள்ள போயி கதவச் சாத்திட்டேன். கட்டுறப்ப அழுதா. யாருதான் அழ மாட்டா? பால் கட்டிக்கிட்டு கல்லா கனத்துச்சு, காய்ச்சல் அனலா அடிச்சுது. நான்தான் ராவும் பகலும் கஷாயம் வெச்சுக் குடுத்தேன். அதையெல்லாம் அவ நெனச்சுப் பாக்க மாட்டா.

பிள்ளைய அவகிட்ட விடல. வாசம் தெரிஞ்சா மாரத் தேடும்ல? என் பக்கத்துல போட்டுக்கிட்டேன். பசும்பால்ல தண்ணி விட்டுக் காய்ச்சி, சங்குல எடுத்து, கடவாயில கொஞ்சம் கொஞ்சமாப் புகட்டினேன். நம்ப மாட்டே, அழலம்மா! முழுங்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு கெடந்துச்சு. வேர்வையும் கொறஞ்சுது. தெருவே வந்து பாத்துச்சு. "தனக்கோடி கை வெச்சா வெச்சதுதான்"னு சொன்னாங்க. அந்தக் கொஞ்ச நாளு, உன்கிட்ட சொல்றதுக்கென்ன, அது எனக்கே பொறந்த பிள்ளை மாதிரி இருந்துச்சும்மா. தூக்கத்துல என் விரலப் புடிச்சுக்கும். நான் கைய எடுக்காம, மரத்துப் போனாலும் அசையாம கெடப்பேன். அந்தப் பக்க அறையில இவ விசும்புற சத்தம் கேக்கும். பழகிடும்னு நெனச்சேன்.

பழகறதுக்குள்ள பிள்ளை மாறிப்போச்சு. மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. வயிறு உள்ள போயி உள்ள போயி வருது. கையும் காலும் சில்லுன்னு ஆயிடுச்சு, ஒதடு ஒரு மாதிரி சாம்பலாப் போச்சு. குடிச்சதையெல்லாம் கக்குச்சு. மந்திரிக்கிறவருக்குச் சொல்லி அனுப்பினேன். அவரு வர்றதுக்குள்ள இந்தப் பொம்பள என்ன செஞ்சா? காய்ச்சலோட எந்திரிச்சு வந்து, என் மடியில இருந்து பிள்ளையப் பிடுங்கிக்கிட்டு, காலுல செருப்புகூட இல்லாம மெயின் ரோட்டுக்கு ஓடிட்டா. எவனோ போற பைக்க மறிச்சு ஏறிப் போயிட்டா. வீட்டுல மூத்தவ ஒருத்தி நான் இருக்கேன். போறேன்னு ஒரு வார்த்தை சொல்லல. நீயா இருந்தா இப்படிச் செய்வியா?

சரி, போனது நல்லதாத்தான் போச்சு. அதை நான் இல்லேங்கல.

நானும் கொளஞ்சியும் பின்னாலயே அரியலூர் போயி சேந்தோம். அங்க எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு, இருதயம் வீங்கி நெஞ்சுல பாதிய அடைச்சிருக்குன்னு சொல்லி ஆம்புலன்ஸ் ஏத்தி இங்க அனுப்பிட்டாங்க. நானும் ஏறிக்கிட்டேன். எறங்குன்னு யாரும் சொல்லல, ஏறுன்னும் சொல்லல.

இங்க டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினாங்க. ஒல்லியா கண்ணாடி போட்டுக்கிட்டு இருப்பாங்களே, அவங்க. இருதயம் உடம்பு பூராவுக்கும் ரத்தம் அனுப்புது, ஆனா அது வேலை செய்யறதுக்கு அதுக்கும் ரத்தம் வேணுமில்ல? அதுக்குன்னு ரெண்டு குழாய் இருக்குதாம். நல்ல ரத்தம் போற பெரிய குழாய்லேருந்து அது ரெண்டும் கெளம்பணும். எங்க பிள்ளைக்கு இடது பக்கத்துது இடம் மாறி, நுரையீரலுக்குக் கெட்ட ரத்தம் போகுதே, அந்தக் குழாயில முளைச்சிருக்கு. "பொறந்த புதுசுல அந்தக் குழாயிலயும் அழுத்தம் இருக்கும், அதனால தெரியாது. ரெண்டு மாசத்துல அழுத்தம் கொறஞ்சிடும். அதுக்கப்புறம் இருதயம் பட்டினிதான்"னாங்க.

அப்ப பால் குடிக்கிறப்ப ஏன் டாக்டர் கத்துச்சுன்னு கொளஞ்சி கேட்டான். அந்தம்மா படத்த அவன் பக்கம் திருப்பி வெச்சாங்க. அப்புறம் சொன்னாங்க, "பெரியவங்களுக்கு மாடி ஏறுறது எப்படியோ, பச்சப்பிள்ளைக்குப் பால் சப்பிக் குடிக்கிறது அப்படி. அந்த வேலைக்கு இருதயத்துக்கு ரத்தம் பத்தல. பெரியவங்களுக்கு மாரடைப்புல நெஞ்சு வலிக்குதே, அந்த வலிதான். ஒவ்வொரு தடவ குடிக்கிறப்பவும் வந்திருக்கு."

மாரடைப்பு வலிம்மா. என் குட்டிம்மாவுக்கு. பசிக்குதுன்னு வாய வெச்சிருக்கு, நெஞ்சப் புடிச்சிருக்கு, விட்டுட்டுக் கத்தியிருக்கு. பசி தாங்காம மறுபடியும் வெச்சிருக்கு. அதுக்கு என்ன வாயா இருக்கு, வலிக்குதுன்னு சொல்ல? நாங்க சுத்தி நின்னு வேப்பிலை அடிச்சிருக்கோம்.

இரு. ஒரு நிமிஷம் இரு. தண்ணி இருக்கா உன்கிட்ட?

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், டாக்டரம்மா. "இது யாரோட தப்பும் இல்ல, அம்மா சாப்பிட்டதால வரல, செஞ்சதால வரல, அப்படியே உருவானது"ன்னாங்க. தப்பு இல்லதான். ஆனா முளைச்சது யாரு வயித்துல? என் வயித்துலயா? நான் வாயத் தொறந்து சொல்லலம்மா, சத்தியமா சொல்லல. மனசுலதான் நெனச்சேன். மூஞ்சியில தெரிஞ்சிடுச்சு போல. கொளஞ்சி என்னப் பாத்து, "அக்கா, நீ வெளிய போயி உக்காரு"ன்னான். நான் தூக்கி வளத்தவன். என் சேலையப் புடிச்சுக்கிட்டே திரிஞ்சவன்.

நான் போகல. ஏன் போகணும்? அப்ப டாக்டரம்மா, பிள்ளைக்கு எப்படிப் பால் குடுத்தீங்கன்னு கேட்டாங்க. நான்தான் சொன்னேன், சங்குல புகட்டினேன்னு. "அப்படியா, அதனாலதான் கொஞ்சம் தாக்குப்புடிச்சிருக்கு, சப்புற வேலை மிச்சமாச்சுல்ல"ன்னாங்க. கேட்டியா? டாக்டரே சொன்னாங்க! நான் கொளஞ்சியப் பாத்தேன், அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். உடனே அந்தம்மா, "ஆனா தாய்ப்பால எதுக்கு நிறுத்தினீங்க? அதையே எடுத்து சங்குல குடுத்திருக்கலாமே"ன்னாங்க.

அது எனக்குத் தோணல. பால் வத்திப்போச்சும்மான்னு சொன்னேன். தானாவே வத்திடுச்சுன்னு. வினோதினி நிமிந்து என்ன ஒரு பார்வை பாத்தா பாரு. ஏசியிருந்தாகூட தேவலாம்.

நெஞ்சத் தொறந்து அந்தக் குழாய வெட்டி எடுத்து, இருக்க வேண்டிய இடத்துல வெச்சுத் தெச்சிட்டாங்க. பொழுது விடியறப்ப உள்ள கொண்டு போனவங்க, சாயங்காலந்தான் வெளிய வந்து சொன்னாங்க, குழாய் நல்லா இருக்கு, ரத்தம் போகுதுன்னு. நான் இங்கயே தரையில விழுந்து கும்பிட்டேன். முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அது முந்தாநாளு.

முடியலம்மா. இப்ப கொடலு. இத்தினி நாளா இருதயம் பட்டினி கெடந்ததுல கொடலுக்கும் சரியா ரத்தம் போகலியாம், தளந்து கெடக்குது. மூக்குல ஒரு டியூப் விட்டு அதுலதான் பால் விடுறாங்க. பவுடர் பால் விட்டாங்க, தாங்கல. வயிறு பானை மாதிரி உப்பிப் பளபளன்னு ஆயிடுச்சு, பச்சையா வெளிய வந்துச்சு. நிறுத்திட்டாங்க. "தாய்ப்பால் கெடைச்சா சொட்டுச் சொட்டா ஆரம்பிக்கலாம், இதுக்கு அதுதான் மருந்து. பவுடர் பால மறுபடி விட எனக்குப் பயமா இருக்கு, கொடலு அழுகிடுச்சுன்னா அப்புறம் எங்க கையில இல்ல"ன்னு அந்தம்மா சொல்லிட்டாங்க. இந்த ஆஸ்பத்திரியில தாய்ப்பால் பேங்க் கெடையாதாம். வேற இடத்துல கேட்டிருக்காங்க, இன்னும் வரல.

நான் சும்மா இல்லம்மா. காலையில கீழ வார்டுல ஒரு பொண்ணு கால்ல விழாத கொறையா கேட்டு, ஒரு டம்ளர்ல பால் வாங்கிட்டு வந்தேன். கதவுகிட்ட நர்ஸு வாங்க மாட்டேன்னுட்டா. "கண்டவங்க பால இப்படியே குடுக்கக் கூடாது, பரிசோதிக்கணும், கொண்டு போங்க"ன்னா. அந்தப் பால என்ன செய்யறதுன்னு தெரியாம கையிலயே வெச்சுக்கிட்டு நின்னேன்.

அந்த நர்ஸுதான் மெஷினக் குடுத்தா வினோதினிகிட்ட. பாவம், அவளும் விடாமத்தான் வெச்சு வெச்சு எடுக்கிறா. வலியில பல்லக் கடிச்சுக்கிட்டு எடுக்கிறா. புட்டியோட அடிய நனைக்கக்கூட வரல. வந்ததையும் நர்ஸு ஓடிவந்து பஞ்சுல நனைச்சுக்கிட்டுப் போயி பிள்ளை வாயில தடவினாளாம். நான் நர்ஸ தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன், நின்னு போன பாலு திரும்ப ஊறுமான்னு. "ஊறும்மா, ஊற வெக்கலாம். ஆனா மெஷின விட பிள்ளை வாய் வெச்சு சப்பினாத்தான் சீக்கிரம் ஊறும், உடம்புக்கு அதுதான் தெரியும். என்ன பண்றது, இவங்க பிள்ளை சப்புற நெலமையில இல்லியே"ன்னா.

அவ அதைச் சொல்லிட்டுப் போயிட்டா. நான் அங்க தூணுகிட்ட வந்து நின்னேன். அப்பதான் உன் பிள்ளையப் பாத்தேன். என்ன வேகமா இழுக்குது!

என்னத்துக்கு இவ்வளவும் உன்கிட்ட கொட்டுறேன்னு இப்பப் புரியுதா கண்ணு? உன் பிள்ளைய ஒரு தடவ, ஒரே ஒரு தடவ வினோதினி மாருல போட்டு எடேன். இது கொஞ்ச நேரம் இழுத்தா போதும். ஊறிடும். ஊறினா நம்ம பிள்ளை பொழச்சுக்கும்.

ஏம்மா பிள்ளைய இப்படி இழுத்து அணைச்சுக்கிற? நோய் நொடி ஒண்ணும் இல்ல அவளுக்கு. ரத்தமெல்லாம் டெஸ்ட் பண்ணியிருக்காங்க, வேணும்னா நர்ஸக் கேட்டுக்க.

ஓ. பாலு விஷம்னு நான் சொன்னதுக்கா?

அது... அது ஊர்ல செய்யறதும்மா. ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நீ படிச்ச பொண்ணு, இதையெல்லாம் நம்பலாமா? கோளாறு குழாயிலதான், பாலுல இல்ல. டாக்டரம்மாவே சொல்லிட்டாங்களே. அந்தப் பாலக் குடிச்சுத்தானே ரெண்டு மாசம் கொழுகொழுன்னு இருந்துச்சு? அந்தப் பாலுதானே இப்ப மருந்துங்கிறாங்க? இரு, எந்திரிக்காத. நான் கட்டினதாலதான் நின்னுச்சு, இல்லன்னா அவளுக்கு ரவிக்கை நனைஞ்சு ஒழுகும். தானா வத்தல. நான்தான் வத்த வெச்சேன். போதுமா?

நல்ல பாலும்மா அது. இன்னும் எப்படிச் சொல்லணும்? சத்தமாச் சொல்லணுமா? சொல்றேன். வினோதினி பாலுல ஒரு கொறையும் இல்ல! நல்ல பாலு!

திரும்பிட்டா. எல்லாருந்தான் திரும்பிப் பாக்குறாங்க, பாக்கட்டும். அவளுக்குக் கேட்டுடுச்சு.

நீ மட்டும் போம்மா. நான் வரல. நான் கூட வந்தா துண்ட இழுத்து மூடிக்குவா. நான் கேட்டேன்னு சொல்லாத, நீயா வந்தேன்னு சொல்லு. நர்ஸு வேணாம்னு சொன்னா திரும்பி வந்துடு. பிள்ளைக்கு அடுத்த பக்க மாரு நீ இன்னும் குடுக்கலல்ல? நல்லது, அந்தப் பசி மிச்சம் இருக்கட்டும். கண்ணு சொருகுது பாரு அதுக்கு. தூங்கிடப் போகுது, எந்திரிம்மா.